ஓவியர் அறையை ஒழித்த கதை



போகிக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் தம்பி மனைவி போன் செய்தாள். “மாமா, மாடி அறையை ஒழிக்கணும். அடுத்த மாசம் வாடகைக்கு விடலாம்னு பையன் சொல்றான். நீங்கதானே ரிக்கார்டு ரூம்ல இருந்தீங்க. எதை வைக்கணும், எதைத் தூக்கிப் போடணும்னு உங்களுக்குத்தான் தெரியும்” என்றாள்.

என் தம்பி பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் மாஸ்டராக இருந்தவன். அவன் போய் இரண்டு வருடம் ஆகிறது. முத்தியால்பேட்டை வீட்டின் மாடியில் பன்னிரண்டுக்குப் பத்து அடியில் ஓர் அறை. அதைத்தான் அவன் தன் ‘அத்தெலியே’ என்பான். எங்கள் பிரெஞ்சு வாத்தியாரிடம் நாங்கள் படித்த சொல். பிரெஞ்சில் தச்சர் பட்டறைக்கும் ஓவியர் அறைக்கும் அந்த ஒரே சொல்தான். அது எனக்குப் பிடிக்கும். இரண்டும் வேலை செய்யும் இடம்தானே.

முதல் நாள் போனேன். கால் வைக்க இடமில்லை. காய்ந்த பிரஷ்கள் செருகிய ஹார்லிக்ஸ் பாட்டில்கள், வண்ணம் கெட்டிப்பட்ட பீங்கான் தட்டுகள், சுருட்டி வைத்த காகிதங்கள், பழைய காலண்டர்கள், தரை முழுக்கக் கிழித்துப் போட்ட பத்திரிகைத் தாள்கள். நாற்பது வருடம் கோப்புகளோடு இருந்தவன் நான். இரண்டு மணி நேரத்தில் பத்திரிகைத் தாள்களை இரண்டு சாக்கில் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். தரை தெரிந்தது. எனக்கே என் மேல் பெருமை.

சாயங்காலம் அவனுடைய ஒரு வரைபட நோட்டைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் மாட்டு வண்டி. அதன் மேல் பென்சிலால் சிறு சிறு கட்டங்கள். பக்கத்தில் அவன் கையெழுத்தில், இந்தப் படம் எந்த வாரப் பத்திரிகையின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்ற குறிப்பு. அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. நான் குப்பை என்று கட்டிப் போட்டவை, அவன் கட்டம் போட்டு வரைந்து பழகிய மூலப் படங்கள். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். ஒரு சாக்கு கிடைத்தது. இன்னொன்று அதற்குள் லாரி ஏறிப் போய்விட்டது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஓவியர் அறையை ஒழிப்பது பற்றி நான் படித்ததும் பார்த்ததுமான மூன்று கதைகள் ஒன்றன் பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. மூன்றையும் முதலிலேயே நினைத்திருந்தால் அந்தச் சாக்கு போயிருக்காது. நீங்களாவது தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் கதை, தன் அறையைத் தானே ஒழுங்கு செய்து வைத்துவிட்டுப் போனவருடையது. குஸ்தாவ் மொரோ என்று ஒரு பிரெஞ்சு ஓவியர். 1826இல் பிறந்தவர். புராணக் கதைகளைப் பெரிய பெரிய துணிகளில் வரைந்தவர். பாரீசில் ரூ தெ லா ரோஷ்ஃபூக்கோ என்ற தெருவில் அப்பா அம்மாவோடு வாழ்ந்த வீட்டிலேயே கடைசி வரை இருந்தார். மணம் செய்துகொள்ளவில்லை, வாரிசு இல்லை. எழுபதை நெருங்கும்போது, நான் போனால் இத்தனையும் என்ன ஆகும் என்ற கவலை வந்தது. நம் எல்லோருக்கும் வருகிற கவலைதான்.

அவர் சும்மா இருக்கவில்லை. 1895இல் ஒரு கட்டடக் கலைஞரை வைத்து வீட்டையே மாற்றினார். குடும்பம் வாழ்ந்த அறைகளை முதல் மாடியில் சிறிதாக அடக்கிவிட்டு, அதற்கு மேல் இரண்டு பெரிய கூடங்களைக் கட்டினார். நடுவில் சுழல் படிக்கட்டு. ஆயிரக்கணக்கான கோட்டோவியங்களைச் சுவரில் மாட்ட முடியாது அல்லவா? அதற்காகவே மர அலமாரிகள் செய்யப்பட்டன. கதவைத் திறந்தால் புத்தகப் பக்கங்களைப் புரட்டுவது போல் சட்டம் போட்ட படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கலாம். 1897இல் உயில் எழுதினார். வீட்டையும் அதிலுள்ள அத்தனை படங்களையும் அரசுக்குக் கொடுக்கிறேன், ஆனால் இவற்றைப் பிரிக்காமல் முடிந்தவரை ஒன்றாகவே வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த வருடமே இறந்துபோனார். ஆன்றி ரூப் என்ற நண்பர் மிச்ச வேலைகளை முடித்தார். 1903இல் அது அருங்காட்சியகமாகத் திறந்தது. முதல் காப்பாளர் யார் தெரியுமா? அவருடைய மாணவர் ஜார்ஜ் ரூவோ. பிற்காலத்தில் அவரும் பெரிய ஓவியரானார்.

இரண்டாவது கதை பிராங்குசி என்ற சிற்பியினுடையது. ருமேனியாவில் ஒரு கிராமத்தில் 1876இல் பிறந்து, 1904இல் பாரீஸ் வந்தவர். 1916 முதல் சாகும் வரை இம்பாஸ் ரோன்சேன் என்ற முட்டுச்சந்தில்தான் அவருடைய பட்டறை. ‘இம்பாஸ்’ என்றாலே முட்டுச்சந்து என்று நம் ஊர்ப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவருக்கு நம் நாட்டோடும் ஒரு தொடர்பு உண்டு. இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கர் அவருடைய ‘விண்ணில் பறவை’ சிற்பங்களில் மூன்றை வாங்கினார். வெண்கலத்தில் ஒன்று, வெள்ளைச் சலவைக் கல்லில் ஒன்று, கறுப்புச் சலவைக் கல்லில் ஒன்று. அவற்றை வைக்க இந்தூரில் ஒரு தியான மண்டபம் கட்டவும் ஏற்பாடு. அதற்காக 1937-38 குளிர்காலத்தில் பிராங்குசி இந்தூருக்கே வந்தார். ஆனால் மண்டபம் எழும்பவில்லை. அந்தச் சலவைக் கல் பறவைகள் இரண்டும் இப்போது ஆஸ்திரேலியாவில், கான்பெரா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பட்டறை விஷயத்துக்கு வருகிறேன். பிராங்குசிக்கு ஒரு சிற்பம் தனியாக இருப்பதில் அர்த்தமில்லை. எது எதன் பக்கத்தில் நிற்கிறது, எந்தப் பீடத்தின் மேல் நிற்கிறது, எந்தப் பக்கத்து வெளிச்சம் விழுகிறது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் படைப்பு. இந்த ஒழுங்கை அவரே போட்டோ எடுத்தும் வைத்தார். போட்டோக் கலையில் அவருக்கு உதவியவர் மான் ரே. ஒரு சிற்பம் விற்றுப்போனால், அந்த இடம் காலியாகிவிடக் கூடாது என்று அதன் சுண்ண அச்சு ஒன்றைச் செய்து அதே இடத்தில் நிறுத்திவிடுவார். கடைசிக் காலத்தில் புதிதாகச் செய்வதை விட்டு, இருப்பதை இடம் மாற்றி மாற்றி வைப்பதிலேயே நாட்களைக் கழித்தார்.

அந்தச் சந்தையே இடிக்கப் போகிறார்கள், பக்கத்து மருத்துவமனை விரிவடைகிறது என்ற நிலை வந்தது. 1956இல் அவரும் உயில் எழுதினார். பட்டறையில் உள்ள எல்லாம் பிரெஞ்சு அரசுக்கு. நிபந்தனை ஒன்றே ஒன்று. நான் சாகும் நாளில் இது எப்படி இருக்கிறதோ அப்படியே அருங்காட்சியகத்தில் திரும்ப அமைக்க வேண்டும். 1957 மார்ச்சில் காலமானார்.

நிபந்தனையை நிறைவேற்ற எவ்வளவு நாள் ஆயிற்று என்று பாருங்கள். 1962இல் பழைய அருங்காட்சியகத்தில் ஒரு பகுதியை மட்டும் அமைத்தார்கள். 1977இல் பொம்பிதூ மையத்துக்கு எதிரே முழுமையாக அமைத்தார்கள். 1990இல் அதற்குள் வெள்ளம் புகுந்து மூட வேண்டியதாயிற்று. பிறகு ரென்சோ பியானோ என்ற கட்டடக் கலைஞர் புதிதாகக் கட்டி, 1997இல் திறந்தது. ஒரு மனிதரின் ஒற்றை வரி நிபந்தனைக்கு அரசு நாற்பது வருடம் உழைத்திருக்கிறது. சர்க்கார் வேலை தாமதம் என்று நம்மைத் திட்டுகிறவர்கள் கவனிக்கவும்.

2009இல் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நான் அதைப் பார்த்தேன். அப்போது பிற்பகலில்தான் திறந்தார்கள், கட்டணம் இருக்கவில்லை. கண்ணாடிச் சுவருக்கு வெளியே சுற்றி நடந்து பார்க்க வேண்டியிருந்தது. வெள்ளைச் சுண்ணமும் கல்லும் மரமும் காடு போல் நின்றன. ஒரு சுவரில் ரம்பங்கள், உளிகள் வரிசையாகத் தொங்கின. ஊருக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். “சாமான் நின்ன இடமும் சாமான்தான் அண்ணா” என்றான். நான் தலையாட்டினேன். மனதில் வாங்கவில்லை என்பது இந்த போகிக்குத்தான் தெரிந்தது.

மூன்றாவது கதைதான் என் தம்பி அறைக்கு மிக நெருங்கியது. பிரான்சிஸ் பேக்கன் என்ற ஓவியர். பழைய காலத்துத் தத்துவ அறிஞர் பேக்கன் இல்லை, இவர் 1909இல் டப்ளினில் பிறந்தவர். லண்டனில் ரீஸ் மியூஸ் என்ற சந்தில், 7ஆம் எண் வீட்டில் 1961 முதல் இருந்தார். மியூஸ் என்றால் அந்தக் காலத்தில் வண்டியும் குதிரையும் நிறுத்திய கொட்டடி. செங்குத்தான படிக்கட்டு, பிடித்து ஏற ஒரு கயிறு. மேலே சுமார் ஆறு மீட்டருக்கு நான்கு மீட்டர் அளவில் பட்டறை. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய ஓவியர்களில் ஒருவராகி, கோடிகள் புரண்ட பிறகும் அந்தச் சின்ன அறையை அவர் விடவில்லை. மற்ற இடங்களில் அவருக்கு வேலை ஓடவில்லை.

அந்த அறையின் போட்டோவைப் பார்த்தால் நம் வீட்டுப் பெண்கள் மயங்கி விழுவார்கள். முழங்கால் உயரம் தாள்கள், புத்தகங்கள், வண்ண டப்பாக்கள், ஷாம்பேன் பெட்டிகள், கிழிந்த துணிகள். தட்டு எதற்கு என்று சுவரிலும் கதவிலுமே வண்ணத்தைக் குழைத்துப் பார்த்திருக்கிறார். தரையில் படிந்த தூசியைக்கூட எடுத்துப் படத்தில் பயன்படுத்தியிருக்கிறார். ஒரு மனிதரின் கம்பளிக் கோட்டின் சொரசொரப்பு தூசியால் வந்தது. இந்தக் குழப்பத்திலிருந்துதான் தனக்குப் படங்கள் பிறக்கின்றன என்று அவர் சொல்லிவந்தார்.

1992 ஏப்ரலில் மாட்ரிட் நகரில் இறந்தார். வாரிசு ஜான் எட்வர்ட்ஸ் என்ற நண்பர். அவர் 1998இல் அந்தப் பட்டறை முழுவதையும் பேக்கன் பிறந்த டப்ளின் நகரத்து ஹியூ லேன் காட்சியகத்துக்குக் கொடையாகக் கொடுத்தார்.

அவர்கள் எப்படி ஒழித்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. சாமான்களை அள்ளிப் பெட்டியில் போடவில்லை. மண்ணைத் தோண்டிப் பழைய ஊர்களைக் கண்டுபிடிக்கிற தொல்லியல்காரர்களை அழைத்தார்கள். அரிக்கமேட்டில் தோண்டியவர்கள் எந்த ஓடு எந்த அடுக்கில் கிடைத்தது என்று குறித்தார்களே, அதே முறை. முதலில் அறை முழுவதையும் அளந்து வரைபடம் போட்டார்கள். எந்தத் தாள் எந்தக் குவியலில், எதற்கு மேல், எதற்குக் கீழ் என்று ஒவ்வொன்றுக்கும் இடம் குறித்து, எண் கொடுத்து, அதன் பிறகே கை வைத்தார்கள். ஒவ்வொன்றையும் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் பதிந்தார்கள். மொத்தம் 7,000க்கும் மேல். சுமார் 570 புத்தகங்கள், 1,500 போட்டோக்கள், புத்தகங்களிலிருந்து கிழித்த தாள்கள் 1,300, அவரே கத்தியால் கிழித்துப் பாழாக்கிய துணிகள் 100, வண்ணமும் பிரஷுமாக 2,000 சாமான். சுவர், கதவு, தரை, கூரை எல்லாவற்றையும் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். தூசியையும் விடவில்லை. 2001இல் டப்ளினில் அதே குப்பையை அதே இடத்தில் அடுக்கி, கண்ணாடி வழியாகப் பார்க்கும்படி திறந்தார்கள்.

பைத்தியக்கார வேலை என்று தோன்றும். எனக்கும் முதலில் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. ஆனால் பலன் என்ன? நான் பூர்வாங்கமாக எதையும் வரைந்துகொள்வதில்லை, நேரே துணியில் வண்ணத்தோடுதான் இறங்குவேன் என்று பேக்கன் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தார். அந்தக் குவியலிலிருந்து சுமார் 70 வரைபடங்கள் வெளிவந்தன! கிழித்து மடித்து வண்ணம் சிந்திய அந்தப் பத்திரிகைத் தாள்களிலிருந்துதான் எந்த உருவம் எந்தப் படத்துக்குள் போனது என்று இன்று ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். யாராவது நல்லவர் ஒருவர், என்னைப் போல, இரண்டு சாக்கை எடுத்துக்கொண்டு முதல் நாளே அங்கே போயிருந்தால் இதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இங்கே என் உத்தியோகத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பதிவறையில் கோப்புகளுக்கு ஏ, பி, சி என்று தரம் உண்டு. ஏ, பி என்றால் காலத்துக்கும் வைக்க வேண்டும். சி என்றால் மூன்று, ஐந்து, பத்து என்று குறித்த வருடம் முடிந்ததும் கழிக்கலாம். அதை ‘வீடிங்’ என்போம், களை எடுப்பது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கட்டை, மேலட்டையில் ‘சாதாரணக் கடிதங்கள்’ என்று இருந்ததை மட்டும் பார்த்துவிட்டு, பிரிக்காமலே பட்டியலில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வருடம் கழித்து ஒரு பெரியவர் வந்தார். தன் அப்பா பிரெஞ்சுக் காலத்தில் வேலை பார்த்ததற்கான கடிதம் வேண்டும் என்றார். பதிவேட்டைப் பார்த்தால், அது அந்தக் கட்டில் இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. “பரவாயில்ல தம்பி” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

கட்டைப் பிரித்துப் பார்க்காமல் கழிக்கக் கூடாது என்று அன்று சபதம் எடுத்தேன். வேலையில் கடைசி வரை காப்பாற்றினேன். சொந்தத் தம்பி விஷயத்தில் தவறிவிட்டேன்.

மறுநாள் காலையில் வேறு விதமாகத் தொடங்கினோம். முதலில் தம்பி மகன் தன் செல்போனில் நான்கு சுவரையும், மேசையையும், ஒவ்வொரு அலமாரியையும் படம் எடுத்தான். நான் ஒரு நீள நோட்டில் கோடு போட்டு, வரிசை எண், என்ன பொருள், எங்கே இருந்தது என்று மூன்று பத்தி எழுதினேன். மீட்டுவந்த சாக்கைக் கொட்டி, பென்சில் கட்டம் போட்ட தாள்களைப் பிரித்தோம். தேறியது 214. அவனுடைய நோட்டுக் குறிப்புகளோடு ஒப்பிட்டதில் பாதிக்கும் மேல் ஜோடி சேர்ந்தன. போன சாக்கில் என்ன இருந்தது என்பதற்கு இப்போது நோட்டிலுள்ள குறிப்பு மட்டும்தான் சாட்சி.

அப்போது இன்னொன்றும் நடந்தது. ஒரே பெண்ணின் முகம், பதினைந்து இருபது தாள்களில், இளமையிலிருந்து நரை வரை இருந்தது. யாரென்று எனக்குத் தெரியவில்லை, மகனுக்கும் தெரியவில்லை. காபி கொண்டுவந்த தம்பி மனைவி பார்த்ததும் சொன்னாள்: “இது நமக்கு மீன் கொண்டுவர்ற வைத்திக்குப்பத்து அம்மா இல்ல? கூடையை இறக்கி வெச்சுட்டு நின்னாங்கன்னா இவர் வரைஞ்சுக்குவார். அதுக்குத்தான் தினம் ஒரு ரூபா சேர்த்துக் கொடுப்பார்.” பிறகு ஒவ்வொரு படமாக எடுத்துக் காட்டினோம். இது எந்தத் தெரு, இது யார் வீட்டுக் கல்யாணம், இது எந்த வருடப் புயல் என்று அவள் சொல்லச் சொல்ல, பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொண்டேன். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். இரண்டு வருடமாக அவளை யாரும் கேட்கவில்லை. ரிக்கார்டு ரூம் அனுபவம் உள்ளவன் என்று என்னைக் கூப்பிட்டாள், பாவம். உண்மையான ரிக்கார்டு அவளிடம்தான் இருந்தது.

எல்லாவற்றையும் வைக்கவில்லை. என் தம்பி பேக்கனும் இல்லை, பிராங்குசியும் இல்லை, அது எங்களுக்குத் தெரியும். காய்ந்த வண்ணக் குப்பிகள், கறையான் அரித்த அட்டைகள், ஒன்றுக்கும் உதவாத காலண்டர்கள் போய்விட்டன. போகும் முன் நோட்டில் ஏறிவிட்டுப் போயின. வரைபட நோட்டுகளும் கட்டம் போட்ட தாள்களும் மீன்கார அம்மாவின் படங்களும் இரண்டு தகரப் பெட்டியில் அடங்கின. வேப்பிலையும் போட்டிருக்கிறேன். அறை பங்குனியில் வாடகைக்குப் போகிறது. குடிவரப் போகிறவர் கல்லூரி மாணவர், வண்ணக் கறை படிந்த அந்த மேசை அவருக்கு வேண்டுமாம். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து என் சொந்த மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். எழுபத்தாறு வயதில் அதை இன்னொருவர் ஒழிக்க விடக் கூடாது. நாளைக்கு உட்கார்ந்து பின்பக்கம் எழுதத் தொடங்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அறையோ, ஒரு பெட்டியோ இருக்கும். ஒழிக்கும் முன் ஒரு படம் எடுங்கள், ஒரு நோட்டுப் போடுங்கள், வீட்டில் தெரிந்தவர்களைக் கேளுங்கள். அப்படி ஒழித்த அனுபவம் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.